பாட்டி வாயில் நுழையும் பெயர்

பென்னாகரம் பக்கத்து ஊர்களில் பாட்டிகள் மாதம்மாள், முனியம்மாள், காவேரியம்மாள். பேத்திகள் தன்ஷிகா, ரித்விகா. பாட்டி கூப்பிட்டால் தன்ஷிகா ‘தஞ்சிக்கா’ ஆகிவிடுகிறாள். பிள்ளையும் ஓடி வருகிறது.

யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்ற இந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பிறகு பென்னாகரம் இருக்கும் தருமபுரிக்கும் வர வேண்டியிருந்தது. பெண் பிறந்தது போதும் என்று ‘போதும்பொண்ணு’ எனப் பெயர் வைத்த தமிழ்நாட்டில், ஓர் அப்பா மகளின் பெயருக்காக வாரக்கணக்கில் அலைகிறார் என்றால் அது பெரிய மாற்றம்.

கோளாறு, பெயரைத் தேடும் வழியில் இருக்கிறது. திருவாதிரையில் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகள் கு, க, ங, ச. ‘ங’வில் எந்தப் பெயரைத் தொடங்குவது? வடமொழி ஒலிகளுக்குப் போட்ட கணக்கைத் தமிழ் எழுத்தில் பொருத்தியதால் வந்த வினை இது. அடுத்து எண்கணிதம் வந்து ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூட்டச் சொல்லும். கடைசியில் வேர்ச்சொல்லே இல்லாத ஒரு பெயருக்கு ‘தேவதை’ என்று யாரோ பொருள் எழுதி வைத்திருப்பார்கள். அதை நம்பி வைத்துவிடுகிறோம்.

திருவாதிரை என்ற அந்த நட்சத்திரமே ஒரு பெயர்தானே! ஆதிரை. வடமொழி ‘ஆர்த்ரா’ தமிழ் நாவில் பழகி ஆதிரையானது. ஈரமானவள் என்று பொருள். மணிமேகலைக் காப்பியத்தில், அமுதசுரபி என்னும் பாத்திரத்தில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை. அந்தக் காதைக்கே ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ என்றுதான் பெயர். கணவன் இறந்ததாகக் கேட்டுத் தீப்புகுந்தவள், தீ சுடாததால் மீண்டவள் என்றும் காப்பியம் அவளைப் போற்றுகிறது. அந்தப் பெருமையை இன்றைய பெண் பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டாம். ஊர்ப்பசிக்கு முதல் பிடி சோறிட்ட கை போதும்.

புதுப்பெயர் வையுங்கள், அரிய பெயராகவே வையுங்கள். அதற்கு முன் அகராதியில் ஒருமுறை பாருங்கள், பாட்டியை ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. பிறப்பைப் பதிந்த பிறகும், கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்க ஓராண்டு அவகாசம் இருக்கிறது.