நிரூபிக்க வேண்டியவர் யார்? மைக்கேல் ஹோரின் குற்றவியல் நீதி ஆய்வுகள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பு காணாமற் போயிருந்தது. கையில் பொருள் உள்ளவனே கள்வன் என்று பொற்கொல்லன் கூற, பாண்டியன் அதனை ஆராயாமல் ஏற்றான். குற்றமில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கண்ணகியின் தலையில் விழுந்தது. அவளது சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று மெய்ப்பிக்கப்பட்டபோது கோவலன் உயிருடன் இல்லை. சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியமாகவும் அரசியல் அறத்தின் காப்பியமாகவும் பயின்றுவரும் நாம், அதற்குள் இருக்கும் இந்தச் சட்டச் சிக்கலைப் பெரிதும் கவனிப்பதில்லை. நிரூபிக்க வேண்டியவர் யார், குற்றஞ்சாட்டியவரா, குற்றஞ்சாட்டப்பட்டவரா என்பதே அச்சிக்கல்.

சிங்கப்பூரில் இவ்வினாவைப் பல ஆண்டுகள் விடாது எழுப்பிவந்த சட்டப் பேராசிரியர்களுள் மைக்கேல் ஹோர் முதன்மையானவர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஆக்ஸ்போர்டு, சிகாகோ பல்கலைக்கழகங்களிலும் சட்டம் பயின்ற இவர், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் குற்றவியல் சட்டமும் சாட்சியச் சட்டமும் கற்பித்தவர்; 2014 முதல் 2019 வரை ஹாங்காங் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தின் தலைவராகப் பணியாற்றியவர். இவருடைய ஆய்வுப் பயணத்தின் பயனையும் எல்லையையும் தமிழ் வாசகரின் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டப் பின்னணி

ஹோரின் எழுத்தை விளங்கிக்கொள்ளச் சில சட்டங்களை அறிதல் வேண்டும். சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம், 15 கிராமுக்கு மேற்பட்ட டயமார்ஃபின் கடத்தியவருக்குக் கட்டாய மரண தண்டனை விதித்தது. 2 கிராமுக்கு மேல் வைத்திருப்பவர் அதனைக் கடத்துவதற்காகவே வைத்திருக்கிறார் என்றும், வைத்திருப்பவர் அதன் தன்மையை அறிந்திருக்கிறார் என்றும் சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அவ்வாறு இல்லை என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிறுவ வேண்டும்.

1976ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைத் திருத்தம் மௌனம் காக்கும் உரிமையையும் சுருக்கியது. குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போதே தம் மறுப்பின் விவரத்தைக் கூறாதவர், பின்னர் அதனை நீதிமன்றத்தில் கூறினால் நம்பப்படாமற் போகக்கூடும். 1980இல் ஓங் ஆ சுவான் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் இவ்வனுமானங்களும் கட்டாய மரண தண்டனையும் அரசமைப்புக்கு முரணானவை அல்ல என்று தீர்ப்பளித்தது. எனினும், அரசமைப்பின் 9ஆம் பிரிவு குறிப்பிடும் 'சட்டம்' என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதிகளையும் உள்ளடக்கியது என்று அதே தீர்ப்பு கூறியது.

ஆய்வுகளின் போக்கு

ஹோரின் முக்கியக் கட்டுரைகள் அந்தத் தீர்ப்பு திறந்துவைத்த இடைவெளியில் பிறந்தவை எனலாம். தன்னையே குற்றப்படுத்திக்கொள்ளாதிருக்கும் உரிமை பற்றி 1993இலும், குற்றமின்மை அனுமானத்தைச் சிங்கப்பூருக்கான அரசமைப்புச் சொல்லாடலாக முன்வைத்து 1995இலும் அவர் எழுதினார். 2001இல் வெளிவந்த கட்டுரை, போதைப்பொருள் சட்டம் குற்றவியல் சட்டத்தின் பொது நெறிகளிலிருந்து எவ்வாறு பிறழ்கிறது என்பதை ஆராய்ந்தது. 2004இல் சிங்கப்பூரின் மரண தண்டனையை அனைத்துலகச் சட்டத்தின் ஒளியில் நோக்கினார். 2005இல் விக்டர் ராம்ராஜ், கென்ட் ரோச் ஆகியோருடன் இணைந்து அவர் பதிப்பித்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் பற்றிய தொகுப்பு, விசாரணையற்ற காவல் வரை அவ்வினாவை விரித்தது.

தலைப்புகள் பலவாயினும் வினா ஒன்றே. அரசின் வலிமையோடு ஒப்பிடத் தனியொருவர் வலிமையற்றவர். ஆகவே ஐயத்தின் பயன் அவருக்கே உரியது என்னும் நெறியைச் சட்டமன்றம் தன் விருப்பப்படி ஒதுக்கிவைக்கலாமா? ஹோரின் நடையில் முழக்கம் இல்லை. தீர்ப்பின் தர்க்கத்தை அதன் முடிவு வரை நடத்திச் சென்று, அது எங்கே இடறுகிறது என்று காட்டுவதே அவர் முறை. தீர்ப்புகளை மனப்பாடமாக ஏற்கும் சட்டக் கல்விக்கு இம்முறை ஒரு மாற்றாகும்.

பயன்

பேராசிரியரின் வாதங்கள் நீதிமன்றத்தில் வென்றனவா என்று கேட்டால், நெடுங்காலம் வெல்லவில்லை என்பதே விடை. 2010இல் யோங் வுய் கோங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டாய மரண தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. 2012இல் நாடாளுமன்றம் சட்டத்தைச் சற்றுத் தளர்த்தியது. போதைப்பொருளைச் சுமந்துசென்றவர் மட்டுமே எனத் தம்மை நிறுவி, அரசு வழக்குரைஞரின் ஒத்துழைப்புச் சான்றிதழையும் பெற்றவருக்கு, அல்லது மனநலக் குறைபாட்டால் பொறுப்புணர்வு குன்றியவருக்கு, ஆயுள் தண்டனை விதிக்க நீதிபதிக்கு இடம் கிடைத்தது. ஆயினும் இத்தளர்விலும் நிறுவும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே உள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

பெரிய திருப்பம் 2020 அக்டோபரில் வந்தது. மலேசியத் தமிழரான கோபி அவேடியனின் வழக்கில், தானே 2018இல் விதித்த மரண தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் மறு ஆய்வு செய்து நீக்கியது. 'அறிந்திருந்தார்' என்று அனுமானிக்கலாம். 'அறியாதிருக்க வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார்' என்று அனுமானிக்க இயலாது. அதனை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என்று அது விளக்கியது. உயர் நீதிமன்றம் முதலில் அளித்த 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் மீண்டும் நிலைபெற்றன. இத்தீர்ப்பை ஹோரின் வெற்றி என்று கூறுவது மிகையாகும். வழக்கை நடத்தியவர்கள் வழக்குரைஞர்கள், முடிவெடுத்தவர்கள் நீதிபதிகள். ஆனால் அனுமானத்தின் எல்லையை அளந்து பார்க்கும் சிந்தனை ஒரு நாட்டில் அற்றுப்போகாமல் இருந்தால்தான் இத்தகைய தீர்ப்புகள் பிறக்க இடமுண்டு. தோற்ற வாதத்தையும் பதிவு செய்துவைப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. அக்கடமையை ஹோர் நிறைவேற்றினார்.

எல்லை

இனி, தமிழ் வாசகர் சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உள்ளன.

முதலாவது மொழி. சட்டக் கோட்பாட்டு ஆய்வில் குற்றஞ்சாட்டப்பட்டவர் முகமற்றவராகவே வருகிறார். காவல் அறையில் அவருக்கு ஒரு தாய்மொழி உண்டு. மௌனத்தின் விளைவு பற்றிய எச்சரிக்கை அவரை மொழிபெயர்ப்பாளர் வழியே அடைகிறது. அவர் தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் பதிவாகி அவருக்கு எதிரான சான்றாகிறது. 2022 ஏப்ரல் 27இல் தூக்கிலிடப்பட்ட மற்றொரு மலேசியத் தமிழ் இளைஞரின் நுண்ணறிவு ஈவு 69 என மதிப்பிடப்பட்டிருந்தது. 'அறிந்திருந்தார்' என்ற சொல்லின் பொருள் எல்லா மனங்களிலும் ஒன்றுதானா என்ற வினாவை அவ்வழக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

இரண்டாவது, நீதிமன்றத்தை எட்டாத தண்டனை. 2013 டிசம்பர் 8இல் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி இந்தியத் தொழிலாளர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் விசாரணையின்றி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு காரணங்களை ஆராய்ந்தது. 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தற்காலிகச் சட்டம், அவ்வட்டாரத்தில் மதுவுக்காக ஆட்களைச் சோதனையிடவும் சிலரை உள்ளே நுழையாது தடுக்கவும் காவலருக்கு அதிகாரம் அளித்தது. 2015ஆம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் தனி வட்டாரங்களாக்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட 25 பேருக்குக் குற்றமின்மை அனுமானம் துணை நின்றது. அனுப்பப்பட்ட 57 பேருக்கு அது பேசும் வாய்ப்பே கிட்டவில்லை. வேலை அனுமதி நீக்கம் சட்டத்தின் பார்வையில் தண்டனை ஆகாது. கடன் பட்டு வந்த தொழிலாளியின் பார்வையில் அது வேறென்ன?

முடிவுரை

ஹோரின் ஆய்வுகள் நீதிமன்ற வாசலுக்குள் இவ்வினாவைக் கூர்மையாக வைத்தன. வாசலுக்கு வெளியே நிற்பவர்களிடம் அதனைக் கொண்டுசெல்வது அடுத்த தலைமுறை ஆய்வாளரின் பணி. அதற்குத் தமிழறிவும் சட்ட அறிவும் ஒருங்கே வேண்டும். காவல் வாக்குமூலங்களின் மொழிபெயர்ப்பு, நீதிமன்றத் தமிழ், தொழிலாளர் வெளியேற்றம் ஆகியவை இந்திய ஆய்வியல் துறைகள் கையில் எடுக்க வேண்டிய களங்கள். கண்ணகியின் வழக்கு மன்னன் அவையில் கேட்கப்பட்டது, தாமதமாகவேனும் கேட்கப்பட்டது. கேட்கப்படுவதற்கு முன்னரே முடிந்துவிடும் வழக்குகளைப் பற்றி நாம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.