செப்புத் தகட்டில் ஒரு முதிய முகம்

பண்டைய ஐரோப்பிய அச்சோவியங்களில் முதுமை பெரும்பாலும் பாடமாகவோ பழிப்பாகவோதான் இடம்பெற்றது. 'வாழ்க்கைப் படிகள்' என்னும் வகையில், இளைய யோர்க் பிராய் 1540-இல் ஆக்கிய மரச்செதுக்கு முந்தியவற்றுள் ஒன்று. இவ்வகைப் படங்களில் மனிதன் பத்துப்பத்து ஆண்டாக ஏறி, ஐம்பதில் உச்சியை எட்டி, பின்னர் இறங்குகிறான். இறங்குபடி முடிவது சாவில். (இதனை எழுதுபவன் ஐம்பதைக் கடந்தவன் என்பதை வாசகர் மன்னிப்பாராக!) ஹான்ஸ் பால்டுங் கிரீன் 1510-இல் வரைந்த சூனியக்காரியர் படத்திலோ, பெண்ணின் மூப்பே அச்சத்திற்குரிய பொருளாயிற்று.

ஹோல்பைன் சற்றே மாறுபட்டவர். 1538-இல் லியோன் நகரில் வெளிவந்த அவரது மரண வரிசையில், சாவு நரம்பிசைக் கருவியை மீட்டியவாறு ஒரு முதியவரைத் திறந்த குழியை நோக்கி அழைத்துச் செல்கிறது. அங்கே பரிவு உண்டு. ஆயினும் அம்முதியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அவர் முதுமையின் அடையாளம், அவ்வளவே.

ரெம்பிராண்டிடம் வரும்போது அக்கேள்வி எழுகிறது. 1628-இல், ஏறத்தாழ 22 வயதில், லைடன் நகரில் அவர் ஒரு மூதாட்டியின் முகத்தைச் செப்புத் தகட்டில் வரைந்தார். உள்ளங்கையில் அடங்கும் சிறு படம். ஆம்ஸ்டர்டாம் அச்சு வணிகர் ஒருவரின் 1679-ஆம் ஆண்டுச் சொத்துப்பட்டியலில் ஒரு தகடு 'ரெம்பிராண்டின் தாய்' எனக் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வழக்கைப் பின்பற்றியே இம்முகத்தையும் தாயினது என்கின்றனர்.

மரச்செதுக்கில் ஒரு சுருக்கத்தைக் காட்ட, கோட்டின் இருபுறமும் மரத்தை வெட்டி நீக்கவேண்டும். ஆதலால் கோடுகள் சிலவாகவும் உறுதியாகவும் அமைந்து, சுருக்கம் ஒரு குறியாகிவிடுகிறது. அமில அரிப்பு முறையிலோ, மெழுகு பூசிய தகட்டில் ஊசி எழுதுகோல்போல் ஓடும்; கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். இம்முறை பலருக்கும் தெரிந்ததே. எனவே கருவியை மட்டும் புகழ்வது பிழை. நெற்றியில் ஒருவிதம், கன்னத்தில் ஒருவிதம் எனச் சுருக்கங்களை வேறுபடுத்திக் கண்ட பொறுமையே இங்குப் புகழத்தக்கது.

1631-ஐ ஒட்டி அவர் ஆக்கிய மற்றொரு படம் இதனினும் என்னைக் கவர்வது. கருந்துகில் அணிந்த மூதாட்டி மேசையருகே அமர்ந்திருக்கிறாள். கைகள் மடியில் ஓய்ந்துள்ளன. பார்வை நம்மை விட்டு வலப்புறம் திரும்பியிருக்கிறது. நமக்கு எதையும் உணர்த்துவதற்காக அவள் அங்கு அமரவில்லை.