வாய்வாளாக் கடவுளும் வழுவா வழிபாடும்

கடவுளுண்மையைப் பிறர்க்கு எடுத்தோதுவது ஒன்று. இடுக்கண் வந்துற்றவிடத்து அவ்வுண்மையிற் காலூன்றி நிற்பது பிறிதொன்று. ஓதுதலையே தொழிலாகக் கொண்ட ஒருவர்க்கு அந்நிலை கைகூடாதொழியின் விளைவது யாது? இவ்வினாவையே, சுவீடன் நாட்டு இங்கமார் பெர்க்மன் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட படக்காட்சி ஆராய்கின்றது. ஆங்கிலத்தில் ‘விண்டர் லைட்’ என வழங்கும் அதன் சுவீடியப் பெயர், திருவிருந்திற்கு வந்தோர் எனப் பொருள்படும்.

கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணியளவில் முடிகின்றது. லூத்தர் சபைக் குருவாகிய தோமஸ், மனைவியை இழந்தவர்; நோயுற்ற உடம்போடு மிகச் சிலர்க்குத் திருவிருந்து வழங்குகின்றார். வழிபாடு முடிந்தபின் யோனாஸ் என்னும் மீன்பிடிப்போன், கருவுற்ற மனைவியோடு அவரை நாடி வருகின்றான். சீனர் விரைவில் அணுகுண்டு செய்துவிடுவர் என்று படித்ததுமுதல் அவனுக்கு வாழ்வில் அச்சமே மிகுந்தது. கடவுளை நம்புக என்று கூறும் குருவுக்கே அச்சொல்லில் உறுதியில்லை. அவன் தனியே மீண்டு வந்தபோதோ, ஆறுதல் கூறவேண்டியவர் தம் ஐயங்களையெல்லாம் அவன்மேற் கொட்டித் தீர்க்கின்றார். அவன் சென்று துப்பாக்கியால் தன்னுயிரை மாய்த்துக்கொள்கின்றான்.

ஐயுற்றதனால் குரு குற்றவாளியாயினாரோ எனின், அற்றன்று. மக்கள் அனைவரையும் நேசிப்பவராயினும் தம்மையே எல்லாரினும் மிக நேசிக்கும் கடவுளொருவரைத் தாம் நம்பியிருந்ததாக அவரே அவனிடம் ஒப்புக்கொள்கின்றார். ஆகவே, மறுமொழி கூறாது போனது அவர்தம் தற்பற்று வனைந்த உருவமேயன்றிக் கடவுளன்று என்க. எதிரிருப்பவன் துயரைக் காணவொட்டாது அவர் கண்ணை மறைத்ததும் அத்தற்பற்றே. அவரை நேசிக்கும் பள்ளியாசிரியை மார்த்தாவின் கைகளிற் சொறிநோய் கண்டபோது அவர் அருவருத்து விலகினார். அவட்காக மன்றாடவும் அவரால் இயலவில்லை. கடவுள் நம்பிக்கையில்லாத அவளோ, தன் வலிமைக்குத் தக்க பணியொன்று வேண்டி மன்றாடி, அவரையே அப்பணியாகப் பெற்றதாக எழுதுகின்றாள்.

படத்தின் உயிர்நிலை, கோயிற் பணியாளராகிய அல்கோத்தின் சொற்களில் உள்ளது. அவர் உடற்குறையால் ஓயாது வலியுறுபவர். கிறிஸ்துவின் உடல்வேதனை சில நாழிகையளவினதே. அதனினும் கொடியது, மாணாக்கர் கைவிட்டதும், சிலுவையில் தொங்கியபோது தந்தையும் வாளாவிருந்தாரென எண்ணியதுமே என்று அவர் பணிவோடு வினவுகின்றார். கற்ற குரு காணாததை நோயாளி கண்டார். கடவுளின் மௌனம் கடவுளின்மைக்குச் சான்றாயின், கிறிஸ்துவே அச்சான்றுக்கு இலக்கானவர் ஆவார். அங்ஙனமாகவும், அவரைப் பின்பற்றுவோர் நம்பிக்கையை விட்டாரல்லர்.

இறுதியில் மற்றொரு கோயிலில் மார்த்தாவையன்றி வழிபட வந்தோர் எவருமிலர். வழிபாட்டை நிறுத்தினும் பழிப்பாரில்லை. எனினும் மணி ஒலிக்கின்றது. குரு வழிபாட்டைத் தொடங்குகின்றார். இது வெறும் பழக்கமே என்பாரும் உளர். பழக்கமாயின் எளிதாய வழியையே நாடியிருக்கும். காண்போரும் புகழ்வோருமின்றி, உள்ளம் வறண்டவிடத்தும் கடமையை விடாமை பழக்கத்தின் மேம்பட்டதொன்றாம். லூத்தர் சபைக் குருவொருவரின் மகனாகிய பெர்க்மன், நோயுற்ற வேறொரு குரு வழிபாட்டைக் கைவிட முற்பட்டபோது தம் தந்தை எழுந்து தாமே அதனை நடத்திய நிகழ்ச்சியை 1987-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அம்முடிவின் வேர் அஃதாம்.

ஒரு குறையும் கூறற்பாலது. கணவனை இழந்த கருவுற்றாள், ஒரு சிறு காட்சியோடு மறக்கப்படுகின்றாள். குருவின் உள்ளத்தைத் துருவி ஆராய்ந்த படம், அவர் கண்மூடிய துயரின்மேல் தானும் கண்மூடிவிட்டது. இக்குறையிருந்தும், நம்பிக்கையுடையார் தம் நம்பிக்கை கடவுள்மேலதோ தம்மேலதோ என்று ஆராய்ந்தறிதற்கு இப்படம் பெரிதும் துணைபுரியும்.