மரம் நட்டவர் கேட்காத கேள்வி

பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ 1953ல் எழுதிய 'மரங்களை நட்ட மனிதன்' கதையை உண்மைச் சம்பவம்னு சொல்லி இன்னும் பலர் பகிர்கிறார்கள். அது புனைவு. எல்சயார் பூஃபியே என்று ஒருவர் இருந்ததில்லை; ஜியோனோவே பின்னால் ஒரு கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறார்.

புனைவு என்பதால் மதிப்பு குறையவில்லை. தெற்கு பிரான்ஸின் காய்ந்த மலைப்பகுதியில் 1913ல் நடந்து போகும் கதைசொல்லி, தனியாக ஓக் கொட்டைகளை ஊன்றும் இடையரைச் சந்திக்கிறார். மூன்று வருடத்தில் ஊன்றியது 1,00,000. முளைத்தது 20,000. அதிலும் பாதி எலிக்கும் விதிக்கும் போய்விடும் என்பது பூஃபியேயின் கணக்கு. எனக்குப் பிடித்த இடமே இதுதான். நட்ட எண்ணிக்கையை மட்டும் பேனரில் போடுகிற நமக்கு இது உறைக்கணும்.

இடிக்கிற இடம் வேற. நிலம் யாருடையது? பூஃபியேவுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. கதையும் அதை அப்படியே கடந்துவிடுகிறது. நிஜத்தில் அந்த நாட்டு மலைகளில் சண்டையே அதுதான். 1860ல் மலைகளில் காடு வளர்க்கச் சட்டம் வந்தபோது, மேய்ச்சல் நிலம் பறிபோகுதுன்னு மலை மக்கள் எதிர்த்தார்கள். 1864ல் மரத்துக்குப் பதில் புல்லும் வளர்க்கலாம் என்று அரசு இறங்கி வந்தது.

கன்றுகளைக் கடிக்கும் என்று பூஃபியே ஆடுகளைக் குறைத்துவிட்டுத் தேனீ வளர்க்கிறார். ஒற்றை ஆளுக்கு அது சுலபம். ஆட்டை நம்பிய ஊருக்கு?

கதையைப் படியுங்க. ஆனா கன்றோடு கிளம்பும் முன்னாடி, அங்கே ஆடு மேய்க்கிறவங்களிடம் பேசிடுங்க.