'மரபுசாரா' என்னும் சொல்லும் சில கேள்விகளும்

கும்மிடிப்பூண்டி ரயில் அத்திப்பட்டுப் புதுநகரைத் தாண்டும்போது கிழக்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். கொள்கை என்பதும் சொற்களால் ஆன ஒரு பிரதிதான். அதை வாசிக்க எனக்கு உரிமை உண்டு.

சூரிய, காற்று மின்சாரத்தை நாம் நெடுங்காலமாக 'மரபுசாரா எரிசக்தி' என்றே சொல்லி வருகிறோம். 1992இல் மத்தியில் அமைந்த அமைச்சகத்தின் பெயரும் அதுவே. 2006இல் 'புதிய, புதுப்பிக்கத்தக்க' என்று மாற்றினார்கள். பழைய வழக்கு ஒழிந்தபாடில்லை. இச்சொல் ஓர் எதிர்வைக் கட்டமைக்கிறது. வெயிலும் காற்றும் மரபு சாராதவை என்றால் மரபு எது? நிலக்கரி. சரி, யாருடைய மரபு?

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையிலான கரையில் வெயில்தான் உப்பை விளைவித்தது, கருவாட்டைக் காயவைத்தது. பாய்மரத்தைத் தள்ளியது காற்று. கரி நேற்று வந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல், வடசென்னை 1994இல், பிறகு வல்லூரில் 1500 மெகாவாட். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வரும் கரியை இறக்க 2001இல் ஒரு துறைமுகமும் திறந்தாயிற்று. நேற்று வந்தது 'மரபு' ஆனபோது, கழியை நம்பிப் பிழைத்தவர்களின் நிலம் வருவாய்த்துறை மொழியில் 'புறம்போக்கு' ஆனது. எரிந்த கரியின் சாம்பல் தண்ணீரில் குழம்பாகிக் குழாய் வழியே செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் கலந்தது ஒருமுறை இருமுறை அல்ல. 'நிலம் கையகப்படுத்தப்பட்டது', 'கசிவு ஏற்பட்டது' என்று எழுதுகிறோமே, இவ்வாக்கியங்களில் வினைமுதலைக் காணோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது 'மாற்றம்' என்கிறார்கள். 2030க்குள் புதைபடிவமல்லாத மின்திறன் 500 ஜிகாவாட் என்று 2021இல் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தார். 2025இல் நாட்டின் நிறுவுதிறனில் பாதி அத்தகையதாகிவிட்டது. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. அவ்வாண்டிலும் உற்பத்தியான மின்சாரத்தில் பெரும்பங்கு கரியுடையதே. பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடசென்னையிலோ 2024இல் 800 மெகாவாட்டில் புதிய கரி அலகு திறக்கப்பட்டது.

சிப்காட்டில் இரும்பு உருக்காலையில் வேலை பார்க்கும் ரயில் நண்பரிடம் இதைச் சொன்னேன். "கரி போகட்டும் சார். பொழுது சாஞ்சதும் உலை நின்னுட்டா கான்ட்ராக்ட் ஆளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். இது கரிக்கு ஆதரவான வாதமல்ல. இரவு மின்சாரத்தைச் சேமிக்கும் செலவை யார் ஏற்பது, ஆலை முடங்கினால் கூலியை யார் தருவது என்ற கேள்வி. சூழலியல் பேசும் நாம் இதற்குக் காது கொடுத்ததில்லை.

கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2500 ஏக்கரில் எழுந்தது. சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கும் ஏக்கர் ஏக்கராக நிலம் வேண்டும். அங்கே 'புறம்போக்கு' இருந்த இடத்தில் 'தரிசு' என்ற சொல் வந்து உட்காரக்கூடும். தரிசு என்று ஏட்டில் எழுதப்படும் நிலத்திலும் யாரோ ஒருவரின் ஆடு மேய்கிறது.

ஆகவே மாற்றத்தின் பிரதியில் எரிபொருளின் பெயர் மாறினால் போதாது. எடுத்தவர் யார், இழந்தவர் யார், ஈடு செய்ய வேண்டியவர் யார் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். 'புதுப்பிக்கத்தக்க' என்ற அடைமொழி மின்சாரத்துக்கு மட்டும்தானா, சாம்பல் படிந்த கொசஸ்தலையாற்றுக்கும் உண்டா?