அப்பியாச கானத்தின் கட்டுமான அழகு

கர்நாடக இசையைப் பயிலத் தொடங்கும் மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படும் ஸ்வரப் பயிற்சிகளின் தொகுதி அப்பியாச கானம் எனப்படும். கச்சேரி மேடைக்கு வராததால் ரசிகர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை எனினும், கற்பவரின் செவியும் குரலும் எங்கே தடுமாறும் என்பதை முன்கூட்டியே கணித்து எழுப்பிய அதன் கட்டுமானம், தேர்ந்த கீர்த்தனைக்குரிய கவனத்தோடு ரசிக்கத் தக்கது.

இப்பயிற்சிகளை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது மரபு. இவற்றுக்குரிய ராகமான மாயாமாளவகௌளை, 15ஆவது மேளகர்த்தா. அதில் ஷட்ஜம் முதல் மத்யமம் வரையுள்ள இடைவெளிகளே பஞ்சமம் முதல் மேல் ஷட்ஜம் வரையிலும் மாறாமல் திரும்புவதால், கீழ்ப்பாதியைக் கற்றவர் மேற்பாதியையும் ஏறத்தாழக் கற்றவராகிறார். இச்சமச்சீர் சங்கராபரணத்திலும் உண்டு. ஆயினும் அங்கே ரிஷபமும் காந்தாரமும் ஒத்த அளவுடைய படிகளாக அமைய, இங்கோ சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டியும் அந்தர காந்தாரம் அதனின்று வெகுவாக விலகியும் நிற்பதால், பழகாத செவியும் ஒன்றை மற்றொன்றாக மயங்குவது அரிது.

பயிற்சிகளின் வைப்புமுறை இதனினும் நுட்பமானது. சரளி வரிசையில் ராகமும் ஆதி தாளமும் மாறாதிருக்க, ஸ்வரங்களின் அடுக்கு மட்டுமே மாறுகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டித்து வரும் ஜண்டை வரிசையில் இரண்டாவதன்மேல் விழும் அழுத்தம், பின்னாளில் ஸ்புரிதம் என்னும் கமகமாக மலரவிருப்பதைப் பெயர் சொல்லாமலே தொண்டையில் பதிக்கிறது. தாட்டு வரிசை ஸ்வரங்களைத் தாண்டிச் செல்லப் பழக்குகிறது. தாளம் மாறுவது அலங்காரங்களில்தான். துருவ தாள அலங்காரத்தில் நான்கு, இரண்டு, நான்கு, நான்கு எனப் பிரியும் 14 அட்சரங்களின் ஒவ்வோர் எல்லையிலும் ஸ்வரக்கோவையும் திரும்புவதால், கை தவறினாலும் மெட்டே தாளத்தை நினைவூட்டிவிடும். அட தாளத்துக்கும் அதே 14 அட்சரங்கள்தாம். அங்கே அவை ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு எனப் பிரிந்து, தட்டும் வீச்சுமான இறுதித் துருதங்கள் இரண்டிலும் மத்யமம் நீண்டு ஒலிக்க, எண்ணிக்கை ஒன்றாயினும் நடை முற்றிலும் வேறு என்பதை மாணவர் விளக்கமின்றியே உணர்கிறார்.

ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலங்களில், அதாவது தாளத்தின் வேகத்தை மாற்றாமல் ஓர் அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு ஸ்வரங்களாகப் பாடுவது வழக்கம். மூன்றாங்காலத்தைத் தேர்ச்சியின் அடையாளமாகக் கருதும் பெற்றோர் பலர். ஆனால் சுருதி விலகலும் மூச்சின் நடுக்கமும் ஒளிய இடமின்றி வெளிப்படுவது முதற்காலத்தில்தான் என்பதால், நல்ல ஆசிரியர் மாணவரை அங்கே திருப்பி அனுப்பத் தயங்குவதில்லை.

ஆசிரியரின் கலை, ஒரு வரியைப் பாடிக்காட்டிய பிறகு மௌனமாவதில் இருக்கிறது. அவர் உடன் பாடிக்கொண்டே போனால், மாணவர் அக்குரலில் சாய்ந்து சரியாகப் பாடுவதுபோல் தோன்றுவாரேயன்றி, ஸ்வரத்தைத் தம் நினைவிலிருந்து மீட்டெடுக்கப் பழகமாட்டார். பிழை நேர்ந்தபோதும் அதைப் பெயரிட்டுக் கண்டிக்காமல், பிசகிய பிடியை மட்டும் மீண்டும் பாடிக்காட்டி நிறுத்தினால், வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வேலை செவிக்கே விடப்படுகிறது. இதற்கு வேண்டிய பொறுமை, வரிசைகளை விரைந்து முடித்துக் கீர்த்தனைக்குத் தாவும் வகுப்புகளில் அருகிவருகிறது.

அடுத்து வருவது கீதம், அதாவது சாகித்தியத்தோடு கூடிய எளிய பாடல். வழக்கமாக முதலில் கற்பிக்கப்படும் ‘ஸ்ரீ கணநாத’ அமைந்த மலஹரி, மாயாமாளவகௌளையின் ஜன்யமாதலால், மாணவர் அறியாத ஸ்வரம் எதுவும் அதில் இல்லை. நிஷாதம் விலக, ஆரோகணத்தில் காந்தாரமும் விடுபட்டு ரிஷபத்திலிருந்து மத்யமத்துக்குத் தாண்ட நேர்கையில், அத்தாண்டல் தாட்டு வரிசையில் ஏற்கெனவே பழகியதாக இருக்கிறது.