ஊழியமும் வாத்ஸல்யமும்

ஊதியத்துக்கு உழைக்க வந்த ஒரு ஸ்திரீ, அவ்வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்குக் கண்விழித்து, நாளடைவில் அதனிடம் தாயன்புக்கு நிகரான பற்றை வளர்த்துக்கொள்வாளாயின், அந்தப் பற்றை எவ்வாறு மதிப்பது என்ற கேள்வியே, பிலிப்பைன்ஸ் தேசத்து வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிகளில் மீண்டும் மீண்டும் எழுவது.

1974-ல் மார்க்கோஸ் அரசாங்கம் பிறப்பித்த தொழிலாளர் சட்டம் அயல்நாட்டு வேலையைத் தேசத்தின் பொருளாதாரக் கொள்கையாக்கியது. அதன் விளைவாக ஹாங்காங்குக்குச் சென்ற பெண்களை ஆராய்ந்து 1997-ல் நூல் வெளியிட்ட நிக்கோல் கான்ஸ்டபிள், உடை முதல் வேலை நேரம் வரை எஜமானர் விதிக்கும் நியமங்களை விரிவாக எடுத்துக்காட்டினார். ரோமாபுரியிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஆய்வு நடத்திய ராசெல் பரேன்யாஸ், ஊரில் விட்டுவந்த மக்களுக்குரிய அன்பைப் பிறர் மக்கள்மீது பொழியும் தாய்மாரின் வேதனையை 2001-ல் எழுதினார். பாட்டியோ, சிற்றன்னையோ, அந்தத் தாயினும் வறிய வேறொரு பணிப்பெண்ணோ அவளது ஸ்தானத்தை ஏற்கும் இத்தொடரை, ஏழை நாடுகளிலிருந்து பொன்னைப்போல் அன்பும் கவர்ந்து செல்லப்படும் நிலையாகவே ஆர்லி ஹாக்ஷில்ட் கண்டார். தைவானை ஆராய்ந்த பெய்-சியா லானோ, மாமனார் மாமியாருக்கு மருமகள் ஆற்றவேண்டிய பணிவிடையே கூலிக்குக் கைமாறுவதை 2006-ல் விளக்கினார்.

இவை யாவும் அன்பைப் பொய்யென்று சாதிப்பவை அல்ல. அவ்வன்பு எத்தகைய நிர்ப்பந்தங்களுக்கிடையே வளர்கிறது என்பதையே நிரூபிப்பவை. ஒப்பந்தம் முடிந்தாலும் முறிந்தாலும் இரு வாரங்களுக்குள் வெளியேறவேண்டும் என்ற 1987-ம் ஆண்டு விதியும், எஜமானர் வீட்டிலேயே தங்கியாகவேண்டும் என்று 2003-ல் இறுக்கப்பட்ட நிபந்தனையும் ஹாங்காங்கில் நிலவுகையில், மறுப்புச் சொல்ல அஞ்சும் மௌனத்தை விசுவாசமென்று எஜமானர் எண்ணிவிடுதல் எளிது. 1986 முதல் அங்கு உழைத்த ஒரு பெண் நிரந்தர வாசத்துக்குரிய உரிமை கோரியபோது, வீட்டுப்பணியில் கழிந்த வருஷங்கள் அதற்குரிய வாசமாகா என்று ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கான் திரைப்பட விழாவில் கேமரா தோர் விருது பெற்ற அந்தோணி சென்னின் ‘இலோ இலோ’, 1997-ம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தத்தளிக்கும் சிங்கப்பூர்க் குடும்பமொன்று, தங்கள் மகனின் நெஞ்சைக் கவர்ந்த பணிப்பெண்ணை ஊருக்கனுப்ப நேர்வதைச் சித்திரிக்கிறது.

‘எங்கள் வீட்டு மனுஷி’ என்று மனமாரச் சொல்லும் குடும்பங்கள் பல உண்டு. எனினும் ஓய்வு நாளும், தனியறையும், வேலையை விட்டு விலகும் சுதந்திரமும் அச்சொல்லுடன் சேர்ந்து வந்தாலன்றி அது முழுமை பெறுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011-ல் வகுத்து, மறு ஆண்டே பிலிப்பைன்ஸ் ஏற்றுக்கொண்ட 189-வது உடன்படிக்கை இவ்வுரிமைகளின் பொருட்டே எழுந்தது. உரிமை வந்தால் பாசம் போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் போவதற்கு வழியிருந்தும் ஒருத்தி ஒரு குழந்தைக்காகத் தங்குவாளாயின், அவளுடைய வாத்ஸல்யத்தை எவரும் ஐயுற இடமிராது.